நீச்சல் தெரியாமல் நான் காப்பாற்றிய மனிதர்

அறுபதுகளின் தொடக்கத்தில், இலுப்பூரிலிருந்து நாலு மைல் தள்ளி ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராகச் சேர்ந்த முதல் வருடம் நடந்தது இது. மாசி மாதம், புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த சாயங்கால நேரம். கிழமைகூட ஞாபகம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். செத்துப் பிழைத்த கிழமை யாருக்கும் மறக்காது.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். சிறுவயதிலிருந்து ஞாயிறு தவறாமல் பிரசங்கம் கேட்டு வளர்ந்ததில், முன்பின் தெரியாத ஒருவருக்காக உயிரைக் கொடுப்பதுதான் மனிதன் செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம் என்று மண்டையில் ஏறிவிட்டது. போதாக்குறைக்குப் பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை வகுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். வாரம் ஒருநாள் தியாகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவேன். பேசிப் பேசி, உயிரைக் கொடுக்க நான் தயார், வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை என்கிற நிலைக்கு வந்திருந்தேன். நீச்சல் மட்டும் தெரியாது. எங்கள் ஊர்க் கண்மாயில் முழங்காலுக்கு மேல் தண்ணீரை நான் பார்த்ததே இல்லை.

நான் போகிற வழியில், ரோட்டை ஒட்டி ஒரு தோட்டக் கிணறு இருந்தது. அந்த வருடம் நல்ல மழை. கிணற்றில் தண்ணீர் மேலேறி நின்றது. அன்றைக்கு அந்தக் கிணற்றடியில் ஒரு புதுப்பெண் நின்று அழுதுகொண்டிருந்தது. தை மாதம்தான் கல்யாணமாகி வந்திருக்க வேண்டும், கழுத்தில் மஞ்சள் கயிறு புத்தம்புதிதாக இருந்தது. சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. கிணற்றுச் சுவர்மேல் ஓர் ஆணின் வேட்டியும் துண்டும் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அதன்மேல் இரண்டு வெற்றிலை, ஒரு எலுமிச்சம்பழம். சுவரடியில் ஒரு ஜோடி செருப்பு. உள்ளே தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை. கோபக்காரப் புருஷன் துணியை மடித்து வைத்துவிட்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டு, கிணற்றில் குதித்துவிட்டான். பாவம், பெண் நிற்கிறது. சைக்கிளை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் கையை நீட்டி ஏதோ சொல்ல வந்தது. "வேண்டாம்" என்று தடுக்கத்தான் அது கையை நீட்டியிருக்கிறது. நானோ அதைக் கெஞ்சல் என்று எடுத்துக்கொண்டேன். "பயப்படாதேம்மா, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சட்டை வேட்டியோடு சுவரேறிக் குதித்தேன்.

பாதி தூரம் போன பிறகுதான் எனக்கு நீச்சல் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. அதற்குமேல் திரும்பி வர வழி இல்லை.

உள்ளே இருந்தவர் அந்தப் பெண்ணின் புருஷனும் இல்லை, சாக வந்தவரும் இல்லை. கிணற்றில் விழுந்த சாமான்களை மூழ்கி எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். பக்கத்துக் குடியிருப்புக்காரர், ஏறக்குறைய என் வயது. தண்ணீர் சேந்தும்போது அந்தப் பெண்ணின் கழுத்திலிருந்த இரட்டைவடச் சங்கிலி அறுந்து கிணற்றில் விழுந்துவிட்டது. சங்கிலி மாமியாருடையது. புதுமருமகள் ஊரார் கண்ணில் வெறுங்கழுத்தாகத் தெரியக்கூடாதென்று போட்டுக்கொள்ளக் கொடுத்தது. மாமியார் காதுக்கு எட்டுவதற்குள் எடுத்துவிடலாம் என்று, புருஷன் இவரைக் கூட்டிவந்து இறக்கிவிட்டு, வடக்கயிறு எடுக்க வீட்டுக்கு ஓடியிருக்கிறான். இறங்குவதற்கு முன் துணியை மடித்து வைத்து, வெற்றிலையும் பழமும் வைத்துக் கிணற்றைக் கும்பிடுவது இவர்கள் வழக்கம். அந்த வட்டாரத்தில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் அடியில் தடவிச் சங்கிலியை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க மேலே வந்து தலையை நீட்டிய அதே நொடியில் நான் அவர் தலைமேல் விழுந்தேன். என் முழங்கை அவர் காதில் இடித்தது. நெற்றி அவர் மூக்கில் இடித்தது. விழுந்த நான் சும்மா இருந்தேனா? காப்பாற்ற வந்தவன் அல்லவா, இரண்டு கையாலும் அவர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் கீழே போனோம். என்னைப் பிடுங்கி எடுக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வலது கையை விரித்தார். மஞ்சளாக ஏதோ ஒன்று மினுங்கிக்கொண்டே என் மூஞ்சிக்கு முன்னால் கீழே இறங்கிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். அப்புறம் என் தலைமயிரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் படிக்கல்லில் போட்டார். மேலே எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. அவர்தான் தூக்கியிருக்க வேண்டும்.

இதற்குள் அந்தப் பெண் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி, ஊரையே கூட்டிவந்துவிட்டது. ஊர் வந்து பார்த்தபோது கண்ட காட்சி இதுதான்: நான் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அவர் மூக்கில் ரத்தம் வழிய, காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். என்ன நடந்தது என்று கேட்டார்கள். "இவர் முங்கிட்டாருன்னு நெனச்சுக் குதிச்சேன்" என்றேன். அதற்குமேல் சொல்ல முடியாமல் இருமல் வந்துவிட்டது. நான் குதித்ததுமே ஓடிவிட்ட அந்தப் பெண்ணுக்கும் உள்ளே நடந்தது தெரியாது. மீதியை ஊர் தானாகவே சொல்லி முடித்துக்கொண்டது. நாலைந்து பேர் அவரைக் குனிந்து கேட்டார்கள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமாங்க. சாருதான் எனக்காகக் குதிச்சாரு" என்றார்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இருமல் நின்ற பிறகு நான் வாயைத் திறந்து மிச்சத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குள் இரண்டு பேர் என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். தோளில் உட்கார்ந்துகொண்டு உண்மை பேசுவது சுலபமில்லை.

மறுநாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் பதினைந்து நிமிஷம் பேசினார். நமது பள்ளிக்கு ஒரு தியாகச் செம்மல் கிடைத்திருக்கிறார் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். டீக்கடையில் என்னிடம் காசு வாங்க மறுத்தார்கள். முன்பின் தெரியாத ஒரு அம்மா நாலு நாட்டுக்கோழி முட்டையைக் கொண்டுவந்து, "ஒடம்பு தேறட்டுங்கய்யா" என்று கொடுத்துவிட்டுப் போனார். பொய் சொல்வானேன், எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. மத்தியான இடைவேளையில் என் அப்பாவுக்கு ஒரு தபால் கார்டு எழுதினேன். எழுத எழுதக் கிணற்றின் ஆழம் இரண்டு ஆள் கூடிவிட்டது.

அந்தக் கார்டை இன்னும் பெட்டியில் போடவில்லை. பள்ளிக்கூட வாசலில் அந்தப் புதுப்பெண்ணின் புருஷன் வந்து நின்றான். விஷயம் மாமியாருக்குத் தெரிந்துபோய்விட்டது. காலையில் இன்னொரு ஆளை இறக்கிப் பார்த்தார்களாம், சங்கிலி அகப்படவில்லை. நேற்று முங்கியவரோ, "கையில் எடுத்தேன், வழுகிப் போச்சு, காது வலி நின்னதும் திரும்ப எடுத்துத் தாரேன்" என்கிறாராம். எப்படி வழுகியது என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லையாம். கோவணத்தில் முடிந்துகொண்டு போய்விட்டான் என்று மாமியார் தெருவில் நின்று கத்துகிறார். வெள்ளிக்கிழமை காலையில் அய்யனார் கோவிலில் கற்பூரத்தை அணைத்து அவர் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

"நீங்க தண்ணிக்குள்ள அவர் பக்கத்துல இருந்தீங்கள்ல சார். அவர் கையில ஏதாச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

"தண்ணி கலங்கலா இருந்துச்சு" என்றேன்.

நேற்று நான் செய்தது வெறும் மௌனம். இது பச்சைப் பொய். நீதிபோதனை வாத்தியாரின் வாயிலிருந்து, பள்ளிக்கூட வாசலில், பகல் வெளிச்சத்தில் வந்த பொய்.

பள்ளிக்கூடம் விட்டதும் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மூக்கு கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க சார், ஒடம்பு தேவலையா?" என்று கேட்டார். கேட்க வேண்டியது நான். நடந்ததை ஊரில் சொல்லிவிடப் போகிறேன் என்று மென்று முழுங்கிச் சொன்னேன். சொல்லும்போதே, வேண்டாம் என்று அவர் தடுத்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று மனசுக்குள் ஒரு ஆசை இருந்தது. அவர் தடுத்தேவிட்டார்.

"விடுங்க சார். நீங்க பிள்ளைகளுக்குப் பாடம் சொல்றவரு. ஊரே ஒங்களப் பாத்துச் சிரிச்சா அப்பறம் எவன் ஒங்க முன்னாடி கைகட்டி ஒக்காருவான்? எனக்கென்ன, நான் எடுக்கல, சத்தியம் பண்ணிட்டுப் போறேன். இந்தப் பக்கம் கூப்பிடலேன்னா கறம்பக்குடிப் பக்கம் போய்ப் பொழைச்சுக்கிறேன்."

எவ்வளவு பெரிய மனசு என்று நான் உருகிப்போனேன். அவருடைய சம்சாரம் அப்படி ஒன்றும் உருகவில்லை. உள்ளே முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தவர், முறத்தோடு வாசலுக்கு வந்தார்.

"சத்தியம் பண்ணச் சொல்லிட்டாலே பாதித் திருடன்தானே சார்? நகைநட்டு விழுந்த கெணத்துல இனி எவன் இவர எறக்குவான்? எட்டு வயசுலேருந்து தண்ணிக்குள்ள கெடக்குற மனுசன், அவரு முங்கிட்டாராம், ஒருத்தர் தூக்கிவிட்டாராம். ஊரு நம்புது, நானும் நம்பணுமாம். மானத்தத் தானம் பண்றது இவரு, கஞ்சியில்லாமக் கெடக்குறது நாங்க."

"நீ சும்மா இரு" என்றார் அவர். அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் கேட்ட அத்தனை பிரசங்கத்திலும், பேசிய அத்தனை வகுப்பிலும் வராத விஷயம் அந்த அம்மாவின் பேச்சில் இருந்தது. கொடுக்கிறவர் மனமுவந்து கொடுத்துவிடுகிறார். அதற்கான பட்டினியை வேறு யாரோ கிடக்க வேண்டியிருக்கிறது. நான் செத்திருந்தாலும் அப்படித்தானே? எனக்கென்ன, தியாகச் செம்மல் என்று பெயர் கிடைத்திருக்கும். என் சம்பளத்தை நம்பி வீட்டில் இரண்டு தங்கைகள் இருந்தார்கள். சுவரேறும்போது அவர்கள் ஞாபகம் எனக்கு வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அய்யனார் கோவிலுக்குப் போனேன். ஊர் மொத்தமும் மண்குதிரைகளுக்கு நடுவே கூடியிருந்தது. நான் வருவதைக் கண்டதும், "சாரே வந்துட்டாரு, வழி விடுங்க" என்று விலகி நின்றார்கள். பூசாரி தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினார். சத்தியம் செய்ய வேண்டியவர் குளித்து ஈர வேட்டியோடு முன்னால் வந்தார். எதிரே மாமியார், இடுப்பில் கை வைத்தபடி. மருமகள் பின்னால் அழுது வீங்கிய கண்ணோடு நின்றது. சங்கிலி கிடைக்காவிட்டால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மாமியார் சொல்லியிருந்தார்.

அவர் கையைக் கற்பூரத்தின் மேல் கொண்டுபோனார். "நிறுத்துங்க" என்று கத்தினேன். வகுப்பில் கத்திப் பழகிய குரல், கோவில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முங்கவில்லை, முங்கியது நான். அவர் சங்கிலியைக் கையில் பிடித்திருந்தார். என்னைத் தூக்கத்தான் அதை விட்டார். அது கீழே போனதை நான் கண்ணால் பார்த்தேன். நேற்றுக் கேட்டபோது தண்ணீர் கலங்கலாக இருந்தது என்று சொன்னது பொய்.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏய்யா வாத்தியாரே, ஒங்களுக்கு நீச்சலே தெரியாதா?"

"தெரியாதுங்க ஆத்தா."

"அப்பறம் எதுக்குய்யா குதிச்சீங்க?"

"அவரக் காப்பாத்தத்தாங்க."

பூசாரிதான் ஆரம்பித்து வைத்தார். தட்டைப் பிடித்திருந்த கை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அப்புறம் ஊரே சிரித்தது. ஒருவர் மண்குதிரையின் காலைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அழுது வீங்கிய கண்ணோடு நின்ற மருமகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டது. முன்வரிசையில் நின்ற தலைமை ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. முந்தின நாள் பேசிய பதினைந்து நிமிஷத்தை அவர் நினைத்துக்கொண்டிருந்திருப்பார். அந்தக் கலவரத்தில் கற்பூரம் யாரும் அணைக்காமல் தானாகவே எரிந்து தீர்ந்துவிட்டது. கூட்டத்தில் ஒரு பெரியவர், "சாமியே சத்தியம் வேண்டாம்னு சொல்லிருச்சு" என்றார்.

மாமியார் லேசில் விடுகிற ஆளில்லை. வாத்தியார் சொல்வது நிஜமானால் சங்கிலி கிணற்றில்தானே கிடக்க வேண்டும், இறைத்துப் பார்ப்போம், இல்லாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து சத்தியம் பண்ண வேண்டும் என்றார். நான் சரி என்றேன். மறுநாள் சனிக்கிழமை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆயில் இன்ஜினைக் கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். விடிந்ததிலிருந்து அது தடதடவென்று இறைத்தது. தோட்டம், வாய்க்கால், ரோடு எல்லாம் தண்ணீர். நான் எட்டிப் பார்க்கலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், "சார், நீங்க அங்கிட்டே நில்லுங்க" என்று நாலு பக்கமிருந்தும் கத்தினார்கள். மாமியார் ஒரு படி மேலே போய், என்னைப் பார்த்துக்கொள்ளவே ஒரு ஆளை நிறுத்திவிட்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் சேறு தெரிந்தது. அவர் காதுப் பஞ்சோடு இறங்கினார். கையால் தேடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நெல் துழாவுகிற மாதிரி கால்விரலால் சேற்றைத் துழாவிக்கொண்டே நடந்தார். இவர்களுக்குக் கால்விரல்தான் கண். ஒரு சுற்று வந்தார். இரண்டாவது சுற்றும் வந்தார். இன்ஜின் நின்றுபோயிருந்ததால், சேற்றில் அவர் கால் போய் வருகிற சத்தம் மேலே கேட்டது. நான் எங்கள் புனித அருளப்பர் முதல் அய்யனார் வரை யாரையும் விடாமல் வேண்டிக்கொண்டேன். மூன்றாவது சுற்றில் நின்றார். குனியாமல், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கவ்விக் காலைத் தூக்கினார். சேற்றோடு சங்கிலி தொங்கியது.

மாமியார் அதைக் கழுவக்கூட விடவில்லை. சேற்றோடு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மருமகள் கழுத்திலேயே போட்டார். பிறகு அவரிடம் போய், "நான் பேசினத மனசுல வச்சுக்காதப்பா, என் நாக்கு அப்படி" என்றார். என் பக்கம் திரும்பி என்ன சொல்வதென்று யோசித்தவர், "நீங்க நல்லவருதான், ஆனா கெணத்துப் பக்கம் வராதீங்க" என்றார். அவருடைய சம்சாரம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பாவுக்கு எழுதிய கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு கார்டு எழுதினேன். நீதிபோதனை வகுப்பில் கொஞ்ச நாளைக்குத் தியாகம் என்ற வார்த்தையை எடுத்தாலே பின்வரிசை இருமியது. நானும் வேறு பாடத்துக்குத் தாவிவிடுவேன்.

பங்குனி மாதம் அவர் காது ஆறியது. அதே கிணற்றில் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க அவரே முன்வந்தார். நாட்டு வழக்கப்படி முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். என் வகுப்புப் பிள்ளைகள் சுவரைச் சுற்றி உட்கார்ந்து கைகாலை எப்படி அடிக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினார்கள். ஒரு நாள் இரண்டு பேரும் படிக்கல்லில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். சங்கிலியை விட்டது சரி, ஒரு உயிர் போகிறது. ஆனால் திருட்டுப் பட்டத்தை எதற்காக வாய்மூடி ஏற்றுக்கொண்டீர்கள்? நான் உங்களுக்கு யார்?

அவர் என் முதுகுக் குடுக்கையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

"எத்தனையோ கெணத்துல எறங்கியிருக்கேன் சார். மேல நிக்கிறவுக எல்லாரும், 'கெடச்சுச்சா, கெடச்சுச்சா'ன்னுதான் கேப்பாக. நான் மேல வந்தேனா இல்லையான்னு ஒருத்தரும் பாத்ததில்ல. நீங்க ஒருத்தருதான் என்னைத் தேடிக் குதிச்சீங்க. அது தப்பாவே இருந்துட்டுப் போகட்டும் சார். அப்படிக் குதிச்ச ஆளு ஊருக்கு முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கிறதப் பாக்க எனக்கு மனசு வரல."

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நல்லவேளை, இரண்டு பேருமே தலையோடு கால் நனைந்திருந்தோம்.

அன்றிலிருந்து யாருக்கு உதவ ஓடினாலும், முதலில் நின்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். என்ன வேண்டும் என்று கேட்காமல் கொடுக்கிற தானம் வாங்குகிறவர் காதைக் கிழித்துவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு நாள், அந்த ஒரு மனிதருக்காக, ஒன்றும் கேட்காமல் குதித்ததற்கு மட்டும் இந்த வயதிலும் எனக்கு வருத்தப்பட மனசு வரவில்லை.